மூடின்னா சூடு நிக்கத்தானே செய்யும்

...மூடின்னா சூடு நிக்கத்தானே தம்பி செய்யும்? நீங்களே சொல்லுங்க. இதுக்குப் போயிப் படிச்சிட்டு வரணுமா? முப்பத்தோரு வருஷமா அண்டா மூடியத் தூக்கித் தூக்கி எறக்குறேன். விடியக்காலைல பன்னி எலும்பக் கொதிக்க விட்டு மூடுனேன்னா, மத்தியானம் வரைக்கும் சூப்ப வாயில வைக்க முடியாது. அதே மூடியத் தொறந்து போடுங்க, பத்து நிமிஷம், மேல ஏடு கட்டிரும். இவ்வளவுதான் விஷயம். இதத்தான் நான் சொன்னேன். இதச் சொன்னதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு பதினெட்டு நாளா எங்கூடப் பேசல!

அட, நீங்க பாட்டுக்கு வண்டிக்கு நுரையப் போடுங்க. நின்னீங்கன்னா காசு போட்ட கழுவுற மிஷினு நேரம் ஓடிரும். நான் இப்பிடி ஓரமா நின்னு பேசிட்டுப் போயிடுறேன்... என்னயத் தெரியுதுல்ல? ஹைவே ரெஸ்ட் ஏரியால உங்களுக்கு இஞ்சின் கவர் சும்மாவே தூக்கிக் குடுத்தேனே, நீல வண்டி, அந்தச் சித்திதான். ஆங்! ஏப்ரனும் ரப்பர் பூட்ஸுமா வந்து நிக்கிறதால அடையாளம் தெரியல. கடைல போட்டது போட்டபடி வண்டிய எடுத்துட்டு ஓடியாந்துட்டேன். கடைல கூட வேல பாக்குற சுன்-நாம் இருக்கா, அண்டாவப் பாத்துக்குவா. அவ பாத்துக்கிட்டா உப்பு கூடும்... சரி, ஒரு நாள் கூடட்டும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மூடி.

என் வயசுக்கு எல்லாரும் வெள்ளிக் கலர்ல பெரிய வண்டியா வாங்கி, பின்னாடி டிஷ்யூ பெட்டி வச்சு ஓட்டுறாங்க. நான் வாங்குனது டர்போ வண்டி. கியர எறக்குனா சைலன்சர்ல சோளம் பொரியிற சத்தம். மக கல்யாணமாகிப் போயிட்டா, கடைய ஒரு நாள் மூடுனா யாரும் செத்துப் போயிட மாட்டாங்க, எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிட்டா என்ன? அப்ப வேணாம்னு ஒரு வார்த்த சொல்லாதவரு எங்க வீட்டுக்காரரு. பியோ சாங்-உக். பாய்லர் ரிப்பேர்னு போட்டு ஒரு வெள்ள வேன் சுத்துமே, பாத்திருப்பீங்க. இந்த வொன்ஜு ஊர்ல பாதி வீட்டுத் தரை அவரு சூடாக்குனதுதான். தரைக்கு அடில சுடுதண்ணிக் குழாய் ஓடுற எடத்துல வெறுங்கால வச்சாருன்னா, எந்த மூலைல அடைப்புன்னு சொல்லிருவாரு. வேலைல கெட்டிக்காரரு, நான் இல்லைங்கல. ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் மலைப்பக்கம் வண்டிய எடுத்துட்டுப் போயிடுவோம். நான் ஓட்டுவேன், அவரு பக்கத்துல உக்காருவாரு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

ஜூலைல வந்துச்சு பாருங்க ஒரு வாடை.

மலை ஏத்தத்துல, ஏசியப் போட்டா, ஓட்டை வழியா ஒரு... ஒரு வறுத்த வாடை. கருகுற வாடைன்னும் சொல்ல முடியல. எனக்கு வாடையப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது தம்பி, என் மூக்குல காலகாலமா பன்னி எலும்புதான் குடியிருக்கு. ஏதோ வேகுதுன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. மெக்கானிக்கிட்டப் போனேன். அவன் கவரக் கழட்டி, கீறல் விழுந்துடக் கூடாதுன்னு மெத்தையாத் துணி விரிச்சு, பளபளப்புப் பக்கம் மேல தெரியிற மாதிரி அதுல வச்சான். ஆயில் பாத்தான், பெல்ட் பாத்தான், தண்ணி பாத்தான், எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு திரும்ப மாட்டிக் குடுத்துட்டான். வீட்டுக்கு வர்றதுக்குள்ள திரும்பவும் அதே வாடை!

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. மூடி! அவ்வளவு பெரிய இஞ்சினு, அதுக்கு மேல கல்லாட்டம் ஒரு பிளாஸ்டிக். சூடு எங்க போகும்? உள்ளயே கெடந்து வேகுது! நம்ம கார் கிளப் சாட்ல போட்டேன் பாருங்க, அவ்வளவுதான், ஊரே ரெண்டாப் போச்சு. கழட்டுற கட்சி, மாட்டுற கட்சி. ஒருத்தன் கவரக் கழட்டுனதும் வண்டி சிறுத்தையா ஓடுதுங்கிறான். ஒருத்தன், கம்பெனிக்காரன் என்ன முட்டாளாங்கிறான். இன்னொருத்தன் இஞ்சின் மேல முட்டையப் பொரிச்சுப் படம் போட்டிருந்தான், அது எந்தக் கட்சின்னே எனக்கு வெளங்கல. கழட்டுற கட்சிக்கு நான்தான் தலைவி. இருவது வயசுப் பசங்கல்லாம் "சித்தி சொன்னா சரி"ங்கிறாங்க. தலை கால் புரியல எனக்கு. பொய் சொல்லக் கூடாது.

எங்க வீட்டுக்காரரு மாட்டுற கட்சி. "அண்டாவுக்கு அடில தீ, சுத்தி அடைப்பு, மேல மூடி. இஞ்சினுக்கு அது மூடியே இல்ல, தொப்பி. நாலு பக்கமும் தொறந்துதான் கெடக்கு. சூட்ட எடுத்துட்டுப் போறது உள்ள ஓடுற தண்ணி. முன்னாடி ரேடியேட்டர்ல கொண்டு போயிக் கொட்டிட்டு வருது. நம்ம வீட்டுப் பாய்லர் மாதிரிதான். மேல கெடக்கிறது சத்தத்த அமுக்க வச்ச பிளாஸ்டிக்"ன்னாரு. இவ்வளவு நீளமா அந்த மனுஷன் பேசி நான் கேட்டதே இல்ல. கல்யாணத்தன்னிக்குக் கூட ரெண்டு வார்த்ததான் பேசுனாரு.

விட்டேனா? நிரூபிங்கன்னேன்.

பாய்லருக்கு வைக்கிற சூடு பாக்குற கருவி ரெண்டக் கொண்டாந்து இஞ்சின் பக்கத்துல கட்டுனாரு. கவரோட ஒரு தடவ, கவர் இல்லாம ஒரு தடவ, அதே மலை, அதே வேகம். கடைசில ரெஸ்ட் ஏரியால நிறுத்தி, எங்க கடைக் காலண்டர்த் தாளத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டுனாரு. அன்னிக்குத்தான் நம்ம கிளப் கூடியிருந்துச்சு, இருவத்திரண்டு பேரு சுத்தி நிக்கிறாங்க. நீங்க கடைசில வந்தீங்க, அதுக்கு முந்தி நடந்தது உங்களுக்குத் தெரியாது. என்ன எழுதியிருந்தாருங்கிறீங்க? ஓடுறப்ப ரெண்டும் ஒண்ணு. நிறுத்திப் பத்து நிமிஷத்துல கவரோட மூணு டிகிரி கூட. அரை மணி நேரத்துல அந்த மூணும் இல்ல.

"மூணு டிகிரி! பாத்தீங்களாய்யா, மூணு டிகிரி!"ன்னு கத்துனேன் நான். அதோட விட்டேனா? "சரி, டிகிரி கெடக்கட்டும், வாடை? கவரக் கழட்டிட்டு ஓட்டுனப்ப வாடை வந்துச்சா? சுத்தமா வரலல்ல? அதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டேன். பசங்க கைதட்டுறாங்க. அந்த மனுஷன் வாயத் தொறந்தாரு. மூடுனாரு. திரும்பத் தொறந்து, "அதத் திருப்பிப் பாரு, மி-ரான்"னாரு.

"எதத் திருப்பணும்?"

"கவரத்தான். திருப்பிப் பாரு."

மூணு தடவ சொன்னாரு தம்பி. மூணு தடவ. எனக்கு எப்பிடிப் பட்டுச்சுன்னா, தோத்துட்டோம்னு தெரிஞ்சு பேச்ச மாத்துறாருன்னு பட்டுச்சு. அடில ஸ்பாஞ்சு இருக்கும், அதக் காட்டி இன்னொரு பாடம் நடத்தப் போறாருன்னு நெனச்சேன். உடனே சொன்னேன்... சொல்லியிருக்கக் கூடாது... "தரையக் காலால தடவிப் பாத்துச் சூடு சொல்றவருக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"னுட்டேன். இருவத்திரண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

அந்த நேரம் பாத்து நீங்க வந்தீங்க. பழைய வண்டியா வாங்கியிருக்கேன், கவர் இல்லாம வந்திருச்சு, எங்க கெடைக்கும்னு கேட்டுக்கிட்டு. நான் கெத்தா எடுத்து, பேப்பர்ல சுத்தி, "இந்தாங்க தம்பி, வச்சுக்கங்க, எனக்கு இனிமே தேவையில்ல"ன்னு குடுத்தேன். அவரு முன்னாடியே குடுத்தேன். அவரு கை லேசா முன்னாடி வந்துச்சு, பாத்தேன். பாத்துட்டும் குடுத்தேன்.

அன்னிலேருந்து பேச்சு இல்ல. வீட்லதான் இருக்காரு. சோறு திங்கிறாரு, தட்டக் கழுவுறாரு, துணி காயப் போடுறாரு. கோவமும் இல்ல, மொறைக்கிறதும் இல்ல. சண்ட போட்டாக் கூட நல்லாருக்கும் தம்பி, சண்ட போட ஒரு ஆளு வேணும்ல? நான் பேசுறேன், பேசுறேன், சுவத்துல போயி விழுது. போன் பண்ணா எடுக்கிறதில்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமை தனியாப் போனேன். மலை அப்பிடியேதான் இருக்கு, வளைவெல்லாம் அப்பிடியேதான் இருக்கு, எனக்குத்தான் ஓட்டப் பிடிக்கல. பாதில திரும்பிட்டேன். நாளன்னிக்கு இன்ஜே ஊர்ல ரேஸ் டிராக்ல ஓட்டம் இருக்குல்ல, நீங்களும் பேரு குடுத்திருக்கீங்க. கூட உக்கார்ற ஆளுன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க பாரத்துல, அதுல அவரு பேரத்தான் எழுதியிருக்கேன். ஜூன்லயே எழுதுனது. அவரு வரணும் தம்பி. வரலேன்னா நானும் ஓட்டல. அவ்வளவுதான்.

இருங்க, இருங்க, இஞ்சின் பக்கம் தண்ணி அடிக்காதீங்க! ஒரு காரணத்தோடதான் சொல்றேன்.

காலைல நீங்க சாட்ல போட்டதப் படிச்சேன். "கவர் மாட்டுனதுலேருந்து ஏசில ஏதோ வறுக்கிற வாடை வருது, சித்தி சொன்னது சரிதான் போல, கவர் சூட்டப் புடிச்சு வைக்குது"ன்னு போட்டிருந்தீங்க. அதுக்குக் கீழ நாப்பது பதில்! கிளட்ச்சு தீயுதுங்கிறான் ஒருத்தன். பூனை உள்ள பூந்து செத்திருக்கும்கிறான் ஒருத்தன். ஆயில் ஒழுகுதுன்னு அம்பு போட்டுப் படம் வரஞ்சு காட்டுறான், அவன் வண்டி ஓட்டியே நான் பாத்ததில்ல. அப்பறம் நீங்களே எழுதியிருந்தீங்க, உங்க கூட்டாளிப் பொண்ணு அது உங்க ஷூ நாத்தம்னு சொல்லி, மூணு ஜோடியத் தூக்கிப் போட்டுருச்சு, இப்ப வண்டில ஏறவே மாட்டேங்குதுன்னு. சிரிச்சேன், சிரிக்கலேன்னு சொல்லல. கழட்டுற கட்சிக்காரப் பசங்க கொண்டாடுறாங்க, "சித்தி வாழ்க"ங்கிறாங்க.

எனக்கு மட்டும் கொண்டாடத் தோணல. ஏன்னா அதப் படிக்கிறப்ப நான் எங்க நின்னுட்டிருந்தேன் தெரியுமா? டிக்கிக்குள்ள தலைய விட்டுட்டு நின்னுட்டிருந்தேன்.

டிராக்குக்குப் போறப்ப வண்டில ஒரு பொருளும் ஆடிட்டுக் கெடக்கக் கூடாதுல்ல. எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சேன். கொடை, சூப் டப்பா, செருப்பு, பேத்தி விட்டுட்டுப் போன பொம்ம. கடைசியா ஒண்ணு இருக்கணும், அத மட்டும் பத்தரமா எடுத்து வைக்கணும்னு ஸ்டெப்னிக்கு அடில தேடுறேன்... இல்ல. பாயத் தூக்குறேன், இல்ல. என்னதுங்கிறீங்களா?

கருவாடு.

ஆமா தம்பி. படையலுக்கு வச்ச கருவாடு. வண்டி வாங்குன அன்னிக்கு, ஏப்ரல்ல, எங்க கடை வாசல்லயே படையல் போட்டேன். பன்னித் தலைக்கு நான் எங்கயும் போக வேண்டியதில்ல, கடைலயே அடுக்கி வச்சிருக்கேன். அரிசிக் கள்ள நாலு டயருக்கும் ஊத்துனேன். இன்ஜேல பனில காய வச்ச கருவாடு, இந்த முழங்கை நீளம், வெள்ள நூல நல்லா சுத்திக் கட்டி... அதிர்ஷ்டத்துக்குன்னு எல்லாரும் டிக்கிலதான் வைப்பாங்க. உங்க வீட்லயும் அப்பிடித்தானே? நானும் டிக்கிலதான் வச்சேன்னு சத்தியம் பண்ணுவேன். ஆனா இல்லையே! சுன்-நாமுக்குப் போன் போட்டேன். "என்னக்கா, நான் எடுத்த போட்டோவ நீங்க பாக்கவே இல்லையா?"ன்னு கேட்டு அனுப்புறா.

படத்துல நான் தரைல சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன். மடில இஞ்சின் கவரு, குப்புறப் போட்டு. அடி ஸ்பாஞ்சுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, அதுல கருவாட்ட வச்சு, நூலால அடில இருக்கிற கொக்கிங்களோட சேத்துக் கட்டிக்கிட்டிருக்கேன். அப்பிடி ஒரு சந்தோஷம் மூஞ்சில! டயருக்கு ஊத்துனது போக மிச்சக் கள்ள யாரு குடிச்சாங்கிறீங்க? வண்டிக்கு நெஞ்சு இஞ்சின்தானே, அதிர்ஷ்டம் நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு தோணியிருக்கு மகராசிக்கு. மறுநாள் எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல.

அந்தப் படத்துல எனக்குப் பின்னாடி அவரு நிக்கிறாரு. கைய இப்பிடி நீட்டிக்கிட்டு, "அங்க வேணாம்"னு சொல்ற மாதிரி. சுன்-நாம் சொல்றா, நான் அவரப் பாத்துக் கத்துனேனாம். "வச்ச எடத்தப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது! தொறந்தா அதிர்ஷ்டம் வெளிய போயிரும்! என் மேல சத்தியம் பண்ணுங்க!"ன்னு. அப்பிடி ஒரு சாஸ்திரம் எந்த ஊர்லயும் கெடையாது தம்பி. கள்ளு சொன்ன சாஸ்திரம். அந்த மனுஷன் என் தலைல கைய வச்சு சத்தியம் பண்ணியிருக்காரு.

பண்ணுனத காப்பாத்தியிருக்காரு! வாடை என்னன்னு ஜூலைலயே தெரியும் அவருக்கு. வாய்விட்டுச் சொல்ல முடியல. அதான் திருப்பிப் பாரு, திருப்பிப் பாருன்னு... மூணு தடவ. நான் என்ன சொன்னேன் அவர? இருவத்திரண்டு பேரு முன்னாடி? படத்தப் பாத்துட்டு அங்கயே டிக்கி மேல உக்காந்துட்டேன். சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது. சுன்-நாம் பயந்துட்டா.

ஆக, வாடை உங்க வண்டிது இல்ல. உங்க ஷூவும் இல்ல பாவம். என்னோடது. நான் கட்டி, நான் பேப்பர்ல சுத்தி, நானே உங்களுக்குத் தானம் பண்ணுனது. நீங்களும் என்னய மாதிரியே திருப்பிப் பாக்காம மாட்டிட்டீங்க... பானெட்டத் தொறங்க தம்பி. ம், அப்பிடித்தான். பாத்து, சுடும். நாலு மூலையையும் மெதுவாத் தூக்குங்க... திருப்புங்க.

அய்யய்யோ! எப்பிடி செவந்து போயிருக்கு பாருங்க! தேன் கலர்ல! நூல் கூடக் கருகல. இங்க பாருங்க, பிச்சா நார் நாரா வருது... ம்ம். கடையில இப்பிடி வறுக்க முடியாது. நெசமா. அட, மூஞ்சியச் சுளிக்காதீங்க, மீன் சுத்தம்தான். கவர எனக்குக் குடுத்துடுங்க தம்பி, வேற கவரு நானே பாத்து வாங்கித் தர்றேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அவரு முன்னாடி வைக்கணும். கவரு இல்லாம என் வண்டி தையல் மிஷினு மாதிரி டிக்கு டிக்குன்னு அடிக்குது, அதையும் யாருக்கிட்டயும் சொல்லல. தலைவி எப்பிடிச் சொல்றது?

இன்னும் ஒரே ஒரு ஒதவி. உங்க போனக் குடுங்க. என் நம்பர எடுக்க மாட்டாரு. தெரியாத நம்பர்னா பாய்லர்க் கஸ்டமருன்னு மொத மணிலயே எடுப்பாரு. குடுங்க, குடுங்க, ஒரு நிமிஷம்தான்... இந்தப் பக்கம் சத்தமா இருக்கு, அப்பிடித் திரும்பி நின்னுக்கிறேன்.

...

ஹலோ... பாய்லர் இல்ல. நான்தான். வைக்காதீங்க! ஏங்க, வைக்காதீங்க. திருப்பிப் பாத்துட்டேன்.

...

கேக்குதா? திருப்பிப் பாத்துட்டேன்னு சொல்றேன். நீங்க சொன்னது சரி. மூடி இல்ல, தொப்பிதான். நான் பேசுனது தப்பு, எல்லார் முன்னாடியும் பேசுனது இன்னும் தப்பு. சத்தியத்துலேருந்து உங்கள விடுவிச்சாச்சு, இனிமே பேசலாம்... என்னது? எங்க இருக்கீங்க? கஸ்டமர் வீட்லயா? அவங்களும் கேக்கணுமா? ஸ்பீக்கர்ல போடுறீங்களா! ...போடுங்க. போட்டாச்சா? வணக்கம்மா. நான் அவரு சம்சாரம். அவரு சொன்னதுதான் சரிம்மா. சூட்டப் பத்தி அவரு என்ன சொன்னாலும் சரி... போதுமா? சிரிக்கிறீங்களா? சிரிக்கிற சத்தம் கேக்குது! ஏங்க, நாளன்னிக்குக் காலைல ஆறு மணிக்குக் கெளம்பணும்... ஹெல்மெட் எடுத்து வச்சிருக்கேன். பெரிய சைசுதான், உங்க தலை எனக்குத் தெரியாதா? ...வர்றீங்களா? வர்றேன்னு சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க.

...

சரி. சரி. மூக்கு ஒழுகுது, நுரை பட்டுருச்சு, வேற ஒண்ணுமில்ல. இருங்க, பையன் போனு, குடுத்துட்டு வர்றேன். தம்பி, இந்தாங்க... தம்பி? ...ஏங்க, பையனக் காணோம். வண்டியும் காணோம்! கவர இங்க கீழ சாச்சு வச்சிட்டுப் போயிருக்கான். கருவாட்ட மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான்ங்க! அந்தப் பொண்ணுக்கிட்டக் காட்டப் போறான் போல. அதோ போறான், அதோ, முக்குல திரும்புறான், மேல பூரா நுரையோட! அட, போன விட்டுட்டுப் போறியேப்பா! ஏய்! தம்பீ!

இருங்க, வைக்காதீங்க, கவரத் தூக்கிப் பின்னாடி போட்டுட்டு வண்டில ஏறிட்டேன். போன ஸ்பீக்கர்ல போட்டு உங்க சீட்டுல வச்சிருக்கேன். புடிச்சிருவேன்ங்க, அவன் வண்டி பழசு... என்னது? பிரேக்கா? எதுக்கு பிரேக்கு? பச்ச விளக்குங்க! ...மெதுவாவா? பாய்லர் முன்னாடி உக்காந்துக்கிட்டு எனக்கு ரோட்டச் சொல்றீங்களா? ...லெஃப்ட்ல பஸ் வரும்னா? ...ஆமாங்க, வருது! எப்பிடிங்க தெரியும்?

கத்துங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்துங்க. பதினெட்டு நாளா அந்த சீட்டு சும்மாவே வந்துச்சு.